தம்பி கொண்டுவந்த பெட்டி கல்வி டிவிக்கு ஒத்துவருமா?

‘‘எங்களுக்கு அரை ஏக்கர் நெல் நிலமும், வீட்டில் ஒரு பட்டுத் தறியும் உண்டு. அத்திவரதர் தரிசனம் முடிந்த மாதத்தோடு கேபிளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டோம். அரசு கொடுத்த பழைய 14 இன்ச் கலர் டிவி இன்னும் ஓடுகிறது. ஊரடங்கில் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த தம்பி, தன்னுடைய 32 இன்ச் எல்.இ.டி டிவியையும் டி.டி.ஹெச் பெட்டியையும் எங்கள் வீட்டில் வைத்திருக்கிறார். டிஷ் சென்னை மாடியிலேயே இருக்கிறது. மகள் 9-ம் வகுப்பு, மகன் 6-ம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொல்லி டீச்சர் போன் செய்கிறார். தம்பியின் பெட்டியில் கேபிள் ஒயரைச் செருகினால் படம் வருமா? அல்லது 2 டிவிக்கும் 2 புதுப் பெட்டி வாங்க வேண்டுமா? தறி நின்று மாதக்கணக்கில் ஆகிறது. தெரியாத்தனமாகச் செலவு செய்ய முடியாது. வேலை இல்லாமல் இருக்கும்போதே, பொழுது போகவில்லை என்று மகள் தறியில் உட்காரப் பழக ஆரம்பித்துவிட்டாள்.’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஐயம்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டம்.

தம்பியின் பெட்டியில் கேபிள் ஒயரைச் செருகினால் படம் வராது. ஒயரின் முனை அந்தப் பெட்டியின் பின்பக்கத் திருகில் சரியாகப் பொருந்தும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொருந்துவது வேறு, பேசுவது வேறு. டி.டி.ஹெச் பெட்டி, டிஷ் வழியாக வரும் செயற்கைக்கோள் சிக்னலைப் படிப்பதற்காகச் செய்தது. கேபிள் பெட்டி, தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயரின் சிக்னலைப் படிப்பதற்காகச் செய்தது. இரண்டும் வேறு வேறு முறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பட்டன் எதுவும் கிடையாது.

ஒரு நிறுவனத்தின் கேபிள் பெட்டி, இன்னொரு நிறுவனத்தின் கேபிள் ஒயரிலும் வேலை செய்யாது. சேனல்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்டைப் போட்டுத்தான் அனுப்புகிறது. அதற்கான சாவி அந்தந்தப் பெட்டிக்குள் அல்லது அதில் செருகும் கார்டில் இருக்கிறது. ஊரில் ஆபரேட்டர் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், தெரு முழுக்கப் பெட்டிகளை மாற்றுவது இதனால்தான். ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2020 ஏப்ரல் 11-ம் தேதி மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்திருக்கிறது. செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுவது போன்றதொரு வசதி இது. வந்தால் நல்லதுதான். ஆனால், பரிந்துரையை நம்பி இன்றைக்குப் பெட்டி வாங்க முடியாது.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கேபிள் டிவி முழுவதும் டிஜிட்டலாக மாற வேண்டும் என்று 2011-ல் சட்டத் திருத்தம் வந்தது. சென்னைக்கு 2012 அக்டோபர் 31, கோயம்புத்தூர் போன்ற பெருநகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். காஞ்சிபுரம் போன்ற அன்றைய நகராட்சிகள் 3-ம் கட்டம். ஐயம்பேட்டை போன்ற கிராமங்கள் 4-ம் கட்டம். இந்தக் கெடுக்கள் தள்ளித் தள்ளி 2017 வரை போயின. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் விலையில்லா செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில், ‘எப்போது ஒயரைப் பிடுங்குவார்களோ’ என்ற பயத்தில் ஆளுக்கொரு பெட்டியை, ஆளுக்கொரு டிஷ்ஷை வாங்கி மாட்டினார்கள். இன்று பல வீடுகளின் பரணில் 2, 3 பெட்டிகள் தூங்குவதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் இந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி சரி? பழைய அரசு கேபிள் பெட்டி வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. பணம் கட்டாததால் இணைப்பு நின்றிருந்தாலும், பெட்டி கெட்டுப் போயிருக்காது. அதன் அடியிலோ பின்னாலோ ஒட்டியுள்ள எண்ணை ஆபரேட்டரிடம் சொன்னால், மறுபடியும் உயிர் கொடுக்கலாம். பெட்டியை ஆபரேட்டர் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருந்தால், மீண்டும் இணைப்பு கேட்கும்போது பெட்டிக்கு எனத் தனியாகப் பெரிய தொகை கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். அரசு கேபிளில் சந்தாதாரருக்குப் பெட்டி விலையில்லாமல் தரப்படுவது. அது நிறுவனத்தின் சொத்து. விற்கவோ, வெளியூர் உறவினருக்குக் கொடுத்தனுப்பவோ கூடாது.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ம் தேதி தொடங்கப்பட்டது. அரசு கேபிளில் அதன் எண் 200. 2020 ஜூலை நடுவிலிருந்து வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாகின. சில தனியார் சேனல்களும் அப்போது குறிப்பிட்ட நேரத்தை இதற்கு ஒதுக்கியிருந்தன. இந்த வீட்டைப் பொறுத்தவரை, தேவை இந்த ஒரு சேனல்தான். எனவே அது உறுதியாக வரும் வழியை எடுப்பதே புத்திசாலித்தனம். அது கேபிள்.

செலவு எவ்வளவு? அரசு கேபிள் 2019 ஆகஸ்டில் கட்டணத்தைக் குறைத்தது. அப்போது மாதம் ரூ.130, அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. ஆக 153 ரூபாய் 40 காசு. பெரிய தொலைக்காட்சிக் குழுமங்களின் கட்டணச் சேனல்களைத் தனியாகக் கேட்டால் அதற்குத் தனிப் பணம். கல்வித் தொலைக்காட்சியும், முன்பு பொதிகை என்று இருந்த டி.டி தமிழும் இலவசச் சேனல்கள். ‘முழு பேக்கேஜ் எடுத்தால்தான் இணைப்பு’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்டு வாங்கும் உரிமை 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சீரியல் பார்க்கும் மாமியாரைச் சமாதானப்படுத்துவது தனிப் பிரச்னை. அதற்கு டிராயிடம் விதி இல்லை.

அடுத்து, 2 டிவிக்கு 2 பெட்டி வேண்டுமா என்ற கேள்வி. 2 டிவியில் ஒரே நேரத்தில் வேறு வேறு சேனல் பார்க்க வேண்டுமென்றால் 2 பெட்டி வேண்டும். ஒரே வீட்டின் 2-வது இணைப்புக்கு அடிப்படைக் கட்டணத்தில் அதிகபட்சம் 40 சதவிகிதம்தான் வாங்கலாம் என்று டிராய் 2020 ஜனவரியில் சொல்லியிருந்தது. அப்போதைய ரூ.130-க்கு அது ரூ.52. வரியோடு 61 ரூபாய் 36 காசு. ஆனால், இந்தப் பணமும் இப்போதைக்குத் தேவையில்லை. கல்வித் தொலைக்காட்சி ஒரே சேனல். அதில் 9-ம் வகுப்புக்கு ஒரு நேரம், 6-ம் வகுப்புக்கு வேறு நேரம். அக்காவும் தம்பியும் ஒரே பெட்டியில் முறைவைத்துப் பார்க்கலாம். பாட அட்டவணையைப் பள்ளியில் கேட்டு வாங்கி, தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.

எந்த டிவியில் மாட்டுவது? எல்.இ.டி டிவியில்தான் கணக்குப் பாடத்தின் எழுத்து தெளிவாகத் தெரியும். 14 இன்ச் திரையில் சின்னப் பின்னங்களைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். தம்பி தன் டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால், பழைய டிவியையும் தயாராக வைத்துக்கொள்ளலாம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த அந்த டிவி இன்றும் உதவும். பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் படத்துக்கு, மற்றவை ஒலிக்கு. சில டிவிகளில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். அப்போது சிவப்புப் பின்னைச் சும்மா தொங்கவிட்டாலும் ஒலி வரும். இந்த 3 பின் ஒயரைப் பெட்டியிலிருந்து டிவிக்குக் கொடுத்து, டிவி ரிமோட்டில் ‘ஏ.வி’ பட்டனை அழுத்த வேண்டும். ரிமோட் தொலைந்திருந்தால் டிவியின் முகப்பிலேயே பட்டன் இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘பாக்ஸ் ஓடுது, டிவியில் வெறும் நீலம்தான் வருது’ என்று ஆபரேட்டருக்குப் போகும் அழைப்புகளில் பலவும் இந்த ஒரு பட்டன் விவகாரம்தான்.

பழைய டிவியில் ஆன்டெனா ஓட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால், இடையில் ‘ஆர்.எஃப் மாடுலேட்டர்’ என்ற சின்னக் கருவி தேவைப்படும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். ஆனால், அவ்வளவு பழைய டிவிக்குப் பணம் போடுவது வீண்.

படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாக வருகிறது அல்லது உருண்டுகொண்டே இருக்கிறது என்றால் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெட்டியின் செட்டிங்கில் ‘என்.டி.எஸ்.சி’ என்று இருக்கும். அதை ‘பால்’ என்று மாற்றினால் வண்ணம் திரும்பிவிடும். முகங்கள் ஒட்டகச் சிவிங்கி போல நீண்டோ, பூசணி போல அகன்றோ தெரிந்தால், அதே செட்டிங்கில் திரை அளவை பழைய டிவிக்கு 4:3 என்றும், எல்.இ.டி டிவிக்கு 16:9 என்றும் வைக்க வேண்டும். எல்.இ.டி டிவியில் ஹெச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கும். ஆனால், கேபிள் பெட்டியிலும் அந்த ஓட்டை இருந்தால்தான் அந்த ஒயர் பயன்படும். இல்லாவிட்டால் 3 பின் ஒயரே போதும். சில புது டிவிகளில் 3 கலர் ஓட்டைக்குப் பதில் ஹெட்போன் துளை போல ஒரே ஒரு துளைதான் இருக்கும். அதற்கான இணைப்பு ஒயர் டிவி வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வந்திருக்கும். தம்பியிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடாப்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெட்டிகளின் அடாப்டர் முனைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிலது 12 வோல்ட், சிலது 5 வோல்ட். தம்பியின் பெட்டியின் அடாப்டரை கேபிள் பெட்டியில் செருகினால், அது கருகிப்போகவும் வாய்ப்பு உண்டு. பெட்டியின் அடியில் எழுதியிருப்பதும் அடாப்டரில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று மகளையே படித்துப் பார்க்கச் சொல்லலாம். அதுபோல, பெட்டியைப் பழைய டிவியின் தலைமேல் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் சூடு. தறி வீடுகளில் பட்டு நூலின் பிசிறும் தூசியும் பெட்டியின் காற்றுத் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இனி தம்பியின் டி.டி.ஹெச் பெட்டி. அது வீணா? இல்லை. ஆனால், அதை ஓட்ட வேண்டுமென்றால் டிஷ் வேண்டும், அதைத் திருப்பி மாட்ட ஆள் வேண்டும், கணக்கு தம்பியின் பெயரில் இருப்பதால் முகவரி மாற்றம் செய்ய வேண்டும், ரீசார்ஜ் செய்ய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கல்வித் தொலைக்காட்சி அந்த நிறுவனத்தில் வருகிறதா என்று முதலிலேயே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணைக் கேட்டு, எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும். தம்பி ஊரிலேயே தங்கிவிடப் போகிறார் என்றால் அவர் வீட்டுக்கு அது உதவும். பிள்ளைகளின் பாடத்துக்காக அந்த வழியில் போக வேண்டியதில்லை.

மறு இணைப்பு வாங்கும்போது ஆபரேட்டரிடம் 3 விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் நகல், பெட்டி எண் எழுதிய ரசீது, மாதக் கட்டண ரசீது. கூச்சப்பட வேண்டாம். ஆபரேட்டர் அண்ணன் தெரிந்தவர்தான், தெருவில் வளர்ந்தவர்தான். ஆனாலும், நாளைக்கு ‘உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறது’ என்று யாராவது சொல்லும்போது காகிதம்தான் பேசும். இணைப்பு வந்ததும் ஆபரேட்டரின் ஆள் வாசலைத் தாண்டும் முன் 200-ம் எண்ணைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஒயரில் பழுது. பழைய அனலாக் முறையில் சிக்னல் குறைந்தால் படத்தில் பனி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. வந்தால் முழுதாக வரும், குறைந்தால் உடையும், இன்னும் குறைந்தால் நின்றே போகும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் டேப் சுற்றிய ஒட்டுகள் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே ஒட்டில்லாத ஒயராக மாற்றச் சொல்வது நல்லது.

மகளைப் பற்றி எழுதியிருந்த வரி முக்கியமானது. தறி வேலை தெரிந்திருப்பதில் குறையில்லை. ஆனால், பள்ளி பூட்டியிருக்கும் மாதங்களில் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்து, பள்ளி திறந்த பிறகும் எழுந்திருக்காமல் போவது காஞ்சிபுரம் பகுதிக்குப் புதிய கதை அல்ல. 9-ம் வகுப்பு பாட நேரம் எதுவோ, அந்த நேரத்தில் தறி சும்மா கிடக்கட்டும். டிவியைப் பார்த்து மட்டும் கணக்கு வந்துவிடாது என்பதும் உண்மை. சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, போன் செய்யும் டீச்சரிடமே கேட்கலாம். அவர் போன் செய்கிறார் என்பதே பெரிய விஷயம்.

‘‘வயலில் மோட்டார் கொட்டகையை ஒட்டி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கேபிள் ஒயர் அங்கு வராது. மாதக் கட்டணமே இல்லாத டிஷ் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? எனக்குச் செய்தியும், ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியும் வந்தால் போதும்.’’

- ஒரு விவசாயி, உத்திரமேரூர்.

உண்மைதான். அது தூர்தர்ஷனின் ‘டி.டி ஃப்ரீ டிஷ்’. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய சேவை. டிஷ்ஷையும் பெட்டியையும் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினால் சரி, மாதச் சந்தா கிடையாது. டி.டி தமிழும், விவசாயிகளுக்காக 2015 மே 26-ல் தொடங்கிய டி.டி கிசானும் வரும். கிசான் இந்தியில் பேசும். பெரிய தமிழ் தனியார் சேனல்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வாங்கும்போது ‘எம்பெக்-4’ பெட்டியா என்று கேட்க வேண்டும். பழைய ‘எம்பெக்-2’ பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் புது முறையில் வரும் சேனல்களை அது காட்டாது. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். கடையில் ஓடவிட்டு டி.டி தமிழைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

டிஷ் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பார்த்தால், ஃப்ரீ டிஷ்ஷின் ஜிசாட்-15 செயற்கைக்கோள் தென்கிழக்கில், நன்றாக நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. டாடா பிளே டிஷ் ஏறக்குறையத் தெற்கு பார்க்கும். ஏர்டெல் டிஷ் கிழக்குப் பக்கம் அதிகம் சாய்ந்திருக்கும். எனவே பழைய டிஷ் கையில் இருந்தால் தட்டைத் தூக்கிப் போட வேண்டாம், திசையை மாற்றிப் பயன்படுத்த முடியுமா என்று மாட்டுபவரிடம் கேட்கலாம். தென்கிழக்கில் தென்னையோ மாமரமோ மறைக்காத இடமாகப் பார்க்க வேண்டும். இன்றைக்கு மறைக்காத மாங்கன்று 3 வருடத்தில் மறைக்கும்.

மோட்டார் ஓடும் அதே லைனில் டிவியும் பெட்டியும் இருந்தால், மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். சின்ன ஸ்டெபிலைசர் ஒன்று வைப்பது, பெட்டி மாற்றும் செலவைவிடக் குறைவு. பெருமழையின்போது படம் சற்று நேரம் நின்றுபோகும். அது பழுதல்ல, மழை விட்டதும் தானே வரும். ஆனால், வெட்டவெளியில் நிற்கும் டிஷ்ஷும் அதன் ஒயரும் இடியை வீட்டுக்குள் அழைத்து வரக்கூடியவை. மேகம் கறுத்து இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கை எடுத்துவிட வேண்டும். பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது, டிஷ் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் அந்த ஒயரைத் தொடவே கூடாது.